இரண்டு நல்லது, ஒரு திருத்தம்

படத்தில் கஸ்பார் இல்லை. ஆனாலும் அவன் மண்டி போட்டுத்தான் அதை எடுத்திருக்கிறான் என்று வடிவாம்பாளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கப்பலின் நடுத்தளத்தில் ஒரு ஏணி. அதன் கடைசிப் படிக்குக் கீழே யாரோ கழற்றிப் போட்ட ஒரு ஜோடி செருப்பு. போன வாரப் படத்திலும் இதே ஏணிதான், இதே செருப்புதான். போன வாரம் நின்றபடியே எடுத்திருந்தான். செருப்பு தரையோடு தரையாகக் கிடந்தது. இந்த வாரம் கேமரா முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. செருப்புக்குச் சொந்தக்காரர் இப்போதுதான் மேலே ஏறிப் போனார் என்று தோன்றியது.

படத்தின் கீழே வழக்கம்போல ஒரு குறிப்பு. "நீங்க சொன்ன மாதிரி மண்டி போட்டு எடுத்தேன். முட்டி வலிக்கி."

வடிவு சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தூக்கிவாரிப் போட்டது.

மண்டி போட்டு எடுங்கள் என்று அவள் எழுதி அனுப்பியதே போன வெள்ளிக்கிழமைதான். கப்பலிலிருந்து ஒரு படம் பூமிக்கு வந்து சேரப் பதினொரு மாதம் ஆகிறது. ஆக, இந்தப் படத்தை அவன் எடுத்தது பதினொரு மாதத்துக்கு முன்னால். அவள் எழுதியது அவனிடம் போய்ச் சேர இன்னும் ஒரு வருஷம் ஆகும். விரல் விட்டு எண்ணினாள். நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும், அவள் சொல்வதற்குப் பதினொரு மாதம் முன்னாலேயே, அவள் சொன்னபடி ஒருவன் மண்டி போட்டிருக்கிறான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடிவு பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சைப் பிடியுங்க, அசையாதீங்க, மூச்சை விடுங்க. இருபத்தாறு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்துபோனாள். அவர் கண் பிதுங்க நின்றார்.

இந்த வம்பு எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

வலசை என்ற கப்பல் கிளம்பிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. உள்ளே இருபத்தெட்டுப் பேர். பக்கத்து நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் திரும்பப் போவதில்லை. அவர்களை அனுப்பிய நெடும்பயண வாரியத்தில் மனநல மருத்துவர்கள் சிலர் இருந்தார்கள். ஆயுள் முழுக்க ஒரே சுவருக்குள் கிடப்பவனுக்குப் புத்தி பிசகாமல் இருக்க வேண்டுமானால் அவன் தன்னை மறந்து எதையாவது உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஆளுக்கொரு சாதாரணக் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். வாரம் ஒரு படம். தன்னையே எடுத்துக்கொள்கிற படம் மட்டும் கூடாது. அந்தப் படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லப் பூமியில் சிலரைத் தேடினார்கள். பெரிய கலைஞர்கள் வேண்டாம், அவர்கள் சொன்னால் பயந்துபோய் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்று, ஊர் ஊராக இருந்த படச் சங்கங்களில் ஆள் பிடித்தார்கள்.

பாளையங்கோட்டைப் படச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் கண்டுபிடிப்பவள் என்று வடிவுக்கு நல்ல பெயர் இருந்தது. அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளின் படங்களைக்கூட, "வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்திருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் என்று பேச்சு உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. முப்பத்தாறு வயதில் வாரியம் கூப்பிட்டபோது அவள் தனியாகத்தான் இருந்தாள்.

வாரியத்தின் விதி ஒன்றே ஒன்று. எந்தப் படமானாலும் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நாற்பது சொல்லுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். படத்தைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

அவளுக்கு நான்கு பேரை ஒதுக்கினார்கள். இரண்டு பேர் முதல் வருஷத்தோடு அலுத்து விட்டுவிட்டார்கள். லீலா என்றொரு பெண் ஆறு வருஷம் அனுப்பிவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட்டாள். கடைசிவரை நின்றவன் கஸ்பார். தூத்துக்குடிக்காரன். கப்பலில் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுக்கிற எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

விதிக்குள் நின்றுகொண்டே பேசுவதற்கு இரண்டு பேரும் பழகிக்கொண்டார்கள். ஒரு வாரம் படம் மங்கலாக வந்தது. "கண் கூசுதுன்னா வெளிச்சத்தக் குறைக்காதீங்க, டாக்டர்ட்ட காட்டிட்டு எடுங்க" என்று வடிவு திருத்தம் எழுதினாள். திருத்தம்தானே, வெட்ட முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்த குறிப்பில், "கண்ணு நல்லாருக்கு. லென்சுலதான் தூசி" என்று இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள். இதற்குக் காதல் என்று பெயர் வைத்தால் வடிவு சண்டைக்கு வருவாள். பெயர் வைக்காமலே சொல்கிறேன்: வாரம் முழுக்க அவளுக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கிழமையாக இருந்தது.

ஆனால் அவள் ஒரு தப்புப் பண்ணியிருந்தாள்.

கப்பல் கிளம்பிய இரண்டாம் மாதம் கஸ்பார் ஒரு ஜன்னலை எடுத்து அனுப்பினான். கறுப்பு வானம், நாலைந்து நட்சத்திரம். கண்ணாடியில் அவனுடைய பிம்பமும் மங்கலாக விழுந்திருந்தது. கேமரா முகத்தை மறைத்திருந்தது; ஒரு காதும் மோவாயும்தான் தெரிந்தன. எக்ஸ்ரேயில் விழக் கூடாத நிழல் விழுந்தால் அது குறை. திரும்ப எடுக்க வேண்டும். வடிவுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஊறியது. யோசிக்காமல் எழுதினாள்: "கண்ணாடியில ஒங்க முகம் விழுந்து படத்தக் கெடுக்கு. அறை விளக்க அணைச்சிட்டு எடுங்க."

அவன் அணைத்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ ஜன்னல் வந்தது. ஒன்றிலும் ஒரு காது நுனிகூட இல்லை.

ஏழாம் வருஷம் ஒரு விடுமுறை நாளில் பழைய படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் படத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் அவனுடைய நிழல் ஓரமாக விழுந்திருந்தது. மூன்றாவதில் கால் கட்டைவிரல். ஐந்தாவதில் கை. ஆறாவதில் கண்ணாடியில் காதும் மோவாயும். தன்னை எடுக்கக் கூடாது என்ற விதியை மீறாமல், கொஞ்சம் கொஞ்சமாக அவன் படத்துக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறான். வாசல்வரை வந்தவனை அவள்தான் விளக்கை அணைத்து வெளியே அனுப்பியிருக்கிறாள்.

அன்று அவள் அழுதாள். அழுதுவிட்டு, அந்த வாரத் திருத்தத்தில், "அந்தப் பழைய ஜன்னல் படத்துக்கு நான் சொன்ன திருத்தம் தப்பு. முகம் விழட்டும். விளக்கப் போட்டே எடுங்க" என்று எழுதினாள். அப்போது போய்த் திரும்ப ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷம் காத்திருந்தாள். இரண்டு வருஷம் காத்திருந்தாள். ஜன்னல்கள் வந்தன, இருட்டாகவே வந்தன. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்தாள். மனம் விட்டுப் போயிருக்கும், இல்லை, பக்கத்தில் யாராவது வந்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது வாரியம் வெளியிட்ட பட்டியலில் அவன் படம் இருந்தது, விறைப்பாக, யார் முகமோ போல. அது அவளுக்கு எதற்கு? இத்தனை வருஷம் தன்னோடு பேசியவனின் முகம், இன்றைய தேதியில் எப்படி இருக்கிறதோ அப்படி, ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இப்போது இந்த மண்டி விவகாரம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வள்ளியூர் போனாள். பஸ்கள் ஆள் இல்லாமல் தானே ஓடுகிற காலம். ஆனாலும் சொன்ன இடத்தில் நிற்காமல் அரை பர்லாங் தள்ளி நிற்கிற குணத்தை மட்டும் விடவில்லை. ஐப்பசி மழை மூட்டத்தில் நனைந்தும் நனையாமலும் வாரியத்தின் பயணிகள் நலப்பிரிவுக்குள் நுழைந்தாள். அங்கே பொறுப்பில் இருந்தவர் மீரான், காயல்பட்டினத்துக்காரர். பதிமூன்று வருஷமாக அவளோடு போனில் பேசுகிறவர். சேரும்போது மீசை அரும்பின வயது, இப்போது முன்மண்டை வழுக்கை.

"வாங்கக்கா, என்ன திடீர்னு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டி அனுப்பிருப்பேனே" என்றார்.

வடிவு இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தாள். "மீரான், எனக்குக் காது குத்தாம ஒண்ணு சொல்லணும். நான் போன வாரம் எழுதுனது, பதினோரு மாசத்துக்கு முன்னாடி எப்படி அவரு கைக்குப் போச்சி?"

மீரான் படங்களைப் பார்த்தார். குறிப்பைப் படித்தார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போகலக்கா" என்றார். "நீங்க எழுதுனது எதுவும் போகல. ஏழு வருஷமா."

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லீலான்னு ஒரு பொண்ணு ஒங்களுக்குப் படம் அனுப்பிட்டு இருந்தா, ஞாபகம் இருக்கா? அவ வீட்டுக்காரர் கீரப் பாத்தியில நிக்கிற மாதிரி ஒரு படம்."

"இருக்கு. நல்ல படம்லா அது."

"நீங்க என்ன எழுதினியன்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு நினைவிருந்தது. சிரிப்பு நல்லா வந்திருக்கு, கீரையோட பச்சை நல்லாருக்கு, அடுத்த தடவ அவர கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லுங்க.

"அந்தப் படம் இங்க வர அஞ்சு மாசம். ஒங்க பதில் அங்க போக அதுக்கு மேல. அந்த இடைவெளியில அவரு மூளையில ரத்தக் குழா வெடிச்சுச் செத்துப் போயிட்டாரு. அடக்கம் முடிஞ்சு அறுபதாம் நாளு, ஒங்க பதிலு போயி நிக்கிது. அடுத்த தடவ அவர வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லுங்கன்னு." மீரான் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு வாரம் அவ சோறு தண்ணி எடுக்கல. ஒங்கமேல தப்பு இல்ல. செய்தி எங்களுக்கே அஞ்சு மாசம் கழிச்சித்தான் வந்திச்சி, அப்பவும் ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதி. தப்பு முழுக்க எங்க பக்கம்தான்."

லீலா ஏன் நிறுத்தினாள் என்று வடிவு பல தடவை நினைத்ததுண்டு. சலித்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"அதுக்கப்புறம் வாரியத்துல முடிவு பண்ணிட்டாங்க. பழைய சரக்கா பதில் போனா நல்லத விடக் கெடுதல் அதிகம். ஒங்களோட ஆறு வருஷத்துப் பதில் எல்லாத்தையும் படிக்க வச்சி, ஒங்கள மாதிரியே பேசுற ஒரு நகல் பண்ணி, கப்பல்ல இருக்க எந்திரத்துல ஏத்திட்டாங்க. படம் எடுத்த அன்னைக்கே பதில். அவங்களுக்கு அது நகல்னு சொல்லல. பதில முன்னாலயே யோசிச்சு அனுப்புத புது ஏற்பாடுன்னு ஏதோ சொல்லி வச்சிருக்காங்க."

"அப்ப நான் எழுதுனது?"

"எல்லாம் இங்க இருக்கு. பத்திரமா இருக்கு."

"எதுக்கு என்ன எழுத விட்டிய?"

"மொத ரெண்டு வருஷம் நகலத் திருத்துறதுக்கு வேணும்னு சொன்னாங்க. பெறவு போதும்னுட்டாங்க. நிறுத்தச் சொல்லி ஒங்களுக்கு எழுதணும்னு எனக்கு உத்தரவு வந்திச்சி. நாந்தான் எழுதல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரியா பன்னெண்டு மணிக்கு ஒங்க பதிலு வந்து விழும். எப்படிக்கா நிறுத்தச் சொல்ல?"

கோபப்பட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. ஏழாம் வருஷம் அவள் அழுதுகொண்டே எழுதிய அந்தத் திருத்தம் இந்தக் கட்டடத்துக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது. கஸ்பார் அதைப் படிக்கவே இல்லை. அவன் பேசாமல் இருக்கிறான் என்று அவள் பட்ட ஆறு வருஷ வருத்தமும் வீண். நல்ல செய்திதான். ஆனாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நகல நான் பாக்கணும்" என்றாள்.

பக்கத்து அறையில் ஒரு சாதாரணத் திரை. கப்பலில் இருப்பதன் பிரதி இங்கேயும் ஓடுகிறது என்றார் மீரான். எதையாவது காட்டுங்கள் என்றார். வடிவு சுற்றிலும் பார்த்தாள். மழை இருட்டுக்கு அறையில் விளக்குப் போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நனைந்துகொண்டிருந்தது. போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஜன்னலை ஒரு படம் எடுத்துத் திரையில் கொடுத்தாள். கண்ணாடியில் அவள் தெளிவாக விழுந்திருந்தாள். நரைத்த வகிடு, நனைந்த சேலைத் தலைப்பு, நாற்பத்தொன்பது வயது.

மூச்சு விடுகிற நேரத்தில் பதில் வந்தது.

"ஜன்னல் கம்பி நேரா நிக்கி, நல்லது. வேப்பெல ஈரம் தெரியிற மாதிரி வந்திருக்கு, நல்லது. கண்ணாடியில ஒங்க முகம் விழுந்து படத்தக் கெடுக்கு. அறை விளக்க அணைச்சிட்டு எடுங்க."

அவளுடைய சொல்லேதான். அவள் எப்போதும் போடுகிற இடத்தில் காற்புள்ளிகூடப் போட்டிருந்தது. முப்பத்தாறு வயது வடிவு, நாற்பத்தொன்பது வயது வடிவின் முகத்தைப் பார்த்து, இது குறை என்கிறாள். இவள்தான் ஏழு வருஷமாகத் தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் முட்டி வலி இவளுக்குத்தான் அன்றன்றைக்கே தெரிகிறது. வடிவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இவ எத்தன தடவ அவர்ட்ட இதச் சொல்லியிருக்கா?"

கப்பலிலிருந்து வரும் நகலின் பதிவுகளில் மீரான் தேடிப் பார்த்தார். "கண்ணாடி சம்பந்தமா பதினேழு தடவ."

பதினேழு தடவை. அப்படியானால் பதினேழு தடவை அவன் விளக்கைப் போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் இவள் துரத்தியிருக்கிறாள். கெட்டுப்போனது என்று இவள் சொன்ன படத்தை அவன் பூமிக்கு அனுப்பவில்லை; அதனால் அந்தப் பதினேழும் இங்கே வரவே இல்லை.

"மீரான், எனக்கு ஒண்ணு செய்யணும். அவருக்கு ஒரே ஒரு வரி போகணும். என் கையால."

"நேரா அனுப்ப வழி இல்லக்கா. ஒங்க பேர்ல பதில் ஏற்கெனவே அங்க இருக்கு. இன்னொண்ணு போனா, அப்ப இத்தன வருஷம் பேசுனது யாருன்னு கேப்பாரு. கப்பல்ல மத்தவங்களுக்கும் தெரிஞ்சிபோகும். ஆளாளுக்கு ஒரு நகலோடதான் பேசிட்டு இருக்காங்க. லீலா இப்ப சாப்பிடுதா, சிரிக்கா, அவளும் இப்ப வேற ஒருத்தரோட நகல்ட்ட படம் காட்டுதா. அத நான் போட்டு ஒடைக்க முடியாது."

வடிவு லீலாவை நினைத்துப் பார்த்தாள். நான்தான் வடிவு, அது நான் இல்லை என்று ஒரு வரி எழுதினால் அவளுக்கு ஆறும். அவனுக்கு? பக்கத்தில் இருக்கிற ஒரு குரலையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு வருஷம் பிந்தி வருகிற குரலைக் கையில் கொடுத்த மாதிரி ஆகும்.

"சரி. அப்ப இவளத் திருத்த முடியுமா?" என்று திரையைக் காட்டினாள்.

மீரான் நெற்றியைத் தேய்த்தார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா எந்திரங்களுக்கு ஒரு திருத்தப் பட்டியல் போகும். இந்த வால்வை மாத்து, அந்த அளவக் கூட்டுன்னு. அதுல நகலுக்கும் ஒரு எடம் உண்டு. ஏழு வருஷமா வெறுமையாத்தான் போவுது. ஒரு வரி சேக்கலாம். அவருக்கு நீங்க எழுதுற வரி இல்லக்கா, எந்திரத்துக்கு எழுதுற வரி. சம்மதம்னா சொல்லுங்க."

அவள் தாளை வாங்கி எழுதினாள். வெட்டினாள், எழுதினாள். இருபத்தைந்து வருஷத்துக் கணக்கில் மற்றவர் படங்களுக்குப் பத்தாயிரம் திருத்தம் சொல்லியிருப்பாள். தன்னைத் திருத்த ஒரு வரி வரச் சிரமமாக இருந்தது. கடைசியில் இப்படி நின்றது: "கண்ணாடியில் முகம் விழுந்தால் குறை சொல்லாதே. விளக்கைப் போட்டுக்கொண்டு எடுக்கச் சொல்."

அது தைப்பூசத்துக்கு மறுநாள் கிளம்பியது. ஒளியின் வேகத்தில்தான் போகும். ஆனால் துரத்தப்படுகிற கப்பலும் சும்மா நிற்கவில்லை. போக ஒரு வருஷம், அவன் எடுத்து அனுப்புகிற படம் வர ஒரு வருஷம், அதற்கு மேல் ஒன்றிரண்டு மாதம் என்று மீரான் கணக்குச் சொன்னார். வடிவு நாள்காட்டியில் குறித்து வைக்கவில்லை. மனதில் இருக்கும்போது தாளில் எதற்கு?

வாரா வாரம் படம் வந்துகொண்டிருந்தது. கஸ்பார் நன்றாகவே தேறியிருந்தான். குழாயில் திரளும் ஒரு சொட்டு. உணவு மேஜையில் ஐந்து கைகள். யாரோ குழந்தை சுவரில் கிறுக்கின மீன். ஒவ்வொன்றுக்கும் அவள் இரண்டு நல்லதும் ஒரு திருத்தமும் எழுதினாள். போகாது என்று தெரிந்தும் எழுதினாள். விட்டுவிட்டால் அந்த முப்பத்தாறு வயதுக்காரியிடம் அவனை மொத்தமாக ஒப்படைத்ததாகிவிடும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஒவ்வொரு குறிப்பிலும், "நீங்க சொன்ன மாதிரி" என்று இருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது. சொன்னது நான் இல்லையே, ராசா, என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். எக்ஸ்ரே மேஜையில் படுத்திருந்த அம்மாள், "என்ன தாயி?" என்றாள்.

முதல் வருஷம் போயிற்று. இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒருநாள் மீரான் போன் பண்ணிச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் அவனோடு மனதில் சண்டை போட்டாள். பதினேழு தடவை துரத்தப்பட்டவன் பதினெட்டாம் தடவை முயன்று பார்ப்பானா? ஜன்னல் பக்கமே போகாமல் இருந்துவிட்டால்? முயன்று பார்த்தால்தானே அவள் திருத்திய வரி அவனுக்குப் போகும்.

மூன்றாம் வருஷம் பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு ஜன்னல் வந்தது.

வெளியே கூட்டம். வடிவு எக்ஸ்ரே அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள்.

அறையில் எல்லா விளக்கும் எரிந்தது. கண்ணாடியில் நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு ஆள்தான் நின்றான். கேமராவை நெஞ்சுக்கு நேராக இறக்கிப் பிடித்திருந்தான். கறுத்த, அகலமான முகம். காதுகள் பெரிது. தலையில் பாதிக்கு மேல் நரை. கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத பை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரிக்கப் போகிறவனின் முகமாக இருந்தது. பட்டியலில் இருந்த விறைத்த படத்துக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இவனைத் தெரியும். பார்க்காமலே பதினைந்து வருஷமாகத் தெரியும்.

வெகு நேரம் கழித்துத்தான் குறிப்பு இருப்பதே அவள் கண்ணில் பட்டது. எப்போதும் ஒரு வரி எழுதுகிறவன் அன்று நிறைய எழுதியிருந்தான்.

"எந்திரம்தான் பேசுதுன்னு எனக்கு எட்டாம் வருஷமே தெரியும். எத்தன தடவ கேட்டாலும் ஒரே பதில். மனுஷின்னா ஒரு நாளாவது மாத்திச் சொல்லுவால்லா. மத்தவங்கட்ட நான் சொல்லல, பாவம். படம் எப்பிடியும் ஒங்கள்ட்ட வருதுன்னு தெரியும், அதனால ஒங்களுக்குன்னே எழுதிட்டு வந்தேன். நீங்க இருக்கியளா, பாக்கியளான்னு மட்டும் தெரியாது. போன வாரம் விளக்கப் போட்டு எடுக்கச் சொன்னிய. அது எந்திரம் சொல்ற பேச்சு இல்ல. நீங்க இருக்கிய."

வடிவு அதை இரண்டாம் தடவை படிக்க முயன்றாள். எழுத்து கலங்கியது. நீங்க சொன்ன மாதிரி, நீங்க சொன்ன மாதிரி என்று அவன் எழுதியதெல்லாம் அவளுக்குத்தான். யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவள் போல அவள்தான் குறுகிப்போய் இருந்திருக்கிறாள்.

போன் அடித்தது. மீரான். "அக்கா, படிச்சிட்டியளா?"

"ம்."

"அவருக்குத் தெரிஞ்சிபோச்சி. இனி மறைக்கதுக்கு என்ன இருக்கு? நீங்க எழுதுங்க. இந்த ஒருத்தருக்கு மட்டும் ஒங்க பதில நானே அனுப்புதேன். மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். விதிய மட்டும் மாத்தாதீங்க. நாப்பது சொல்லு. வேற எது எழுதுனாலும் இங்க அனுப்புற எந்திரமே வெட்டிரும்."

யாரோ கதவைத் தட்டினார்கள். இந்தா வாரேன் என்றாள் வடிவு. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாகும் இது அவன் கைக்குப் போக. அதற்குள் அவன் முகம் இன்னும் கொஞ்சம் மாறிவிடும். இவளுடையதும்தான்.

வெளிச்சம் முகத்துல சமமா விழுந்திருக்கு, நல்லது, என்று எழுதினாள். கண்ணு நேரா பாக்கு, நல்லது.

பிறகு திருத்தம். குறை தேடிப் பழகிய கண் படத்தின் நாலு மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. பொத்தானைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அது அப்படியே இருக்கட்டும். வினாடிக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் என்று விலகிப் போய்க்கொண்டே இருக்கிற அந்த மனிதனுக்கு, படச் சங்கத்துக்குப் புதிதாக வருகிற யாருக்கும் சொல்வதைத்தான் கடைசியில் எழுதினாள்.

"அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து எடுங்க."